இரண்டு கட்டை கீழே

எங்கள் ராக் குழுவில் கிதார் வாசிப்பவர் அண்ணன். பாடுகிறவளுக்குத்தான் சொந்த அண்ணன். ஆனால் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். பகலில் லிஃப்ட் பழுது பார்ப்பார். எதையும் வாய் திறந்து சொல்ல மாட்டார், சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டுப் போய்விடுவார். என் டிரம் ஸ்டூலின் ஆட்டம் ஒருநாள் காணாமல் போனது. கேட்டால் சிரிக்கிறார். இந்தக் குணத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சோபாக் கடைக்கு அடியில் இருக்கும் கிடங்கில்தான் ஒத்திகை. ஆரம்பத்தில் எங்களுடையது வெறும் கூச்சல். கடைக்காரர் மேலே தரையை மிதித்துத் திட்டுவார். பிறகு தங்கைக்குத் தொண்டையில் புண் வந்தது. ஆறு மாதம் பாடக்கூடாது, மீறினால் குரலே போய்விடும் என்றார் டாக்டர். பத்தே நாளில் மைக்கைப் பிடித்துவிட்டாள். முன்பைவிடச் சுலபமாகப் பாடினாள். "டாக்டருக்கு என்ன தெரியும்?" என்று சிரித்தாள்.

நாளாக ஆக எங்கள் பாட்டு கனத்தது, இருண்டது. பக்குவப்பட்டுவிட்டார்கள் என்று பத்திரிகையில் எழுதினார்கள். கோடை இசை விழாவின் பெரிய மேடைக்கே அழைப்பு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் மட்டும் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருந்தார்.

விழாவுக்கு முந்தின நாள் தங்கை ஒரு கீபோர்டுக்காரியைக் கூட்டி வந்தாள். அண்ணனிடம் சொல்லவில்லை, சொல்லாமல் செய்வது குடும்ப வியாதி. முதல் பாட்டைத் தொடங்கியதுமே காது கூசியது.

"நான் உங்க பழைய ரெக்கார்டுல இருக்கற கட்டையிலதான் வாசிக்கறேன். உங்க கிதார்தான் சுருதி கீழ இருக்கு," என்றாள் கீபோர்டுக்காரி.

பேஸ் கிதார்காரன் தரையைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். தந்தியே தொடாத எனக்கும், கிதாரைக் கேட்டுச் சுருதி பிடிக்கும் தங்கைக்கும்தான் தெரியாது. அவள் தொண்டைக்காக அண்ணன் சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வந்திருக்கிறார். அதைத்தான் நாங்கள் வளர்ச்சி என்று பீற்றிக்கொண்டிருந்தோம்.

"எவ்வளவுண்ணா?" என்றாள் தங்கை.

"ரெண்டு கட்டை."

"தொண்டை சரியாயிடுச்சுன்னு நெனச்சிட்டிருந்தேனே."

"அதனாலதாம்மா சொல்லல. நாளைக்கும் இப்படியே பாடிடலாம். கீபோர்டுலயும் ஒரு பட்டன அமுக்கினா இறங்கிடும்."

"ஏத்துண்ணா."

"வேணாம்மா."

"ஏத்துன்னு சொல்றேன்ல?"

அவளை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. தந்திகள் ஒவ்வொன்றாக இறுகின. நான் தடுத்திருக்கலாம். ஆனாலும் பெரிய மேடை கண்முன் நின்றது, டிரம் குச்சிகளைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

பாடினாள். உச்ச வரியில் குரல் கொஞ்சமும் பிசகாமல் நிமிர்ந்து நின்றது. கீபோர்டுக்காரி கைதட்டினாள், நானும் தட்டினேன். தங்கை முகமெல்லாம் வெற்றியோடு அண்ணன் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது. காற்று மட்டும் வந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள்.

அண்ணன் அவசரமாக ஆம்ப்ளிஃபயரை அணைத்தார்.

"இரைச்சல்ல கேக்கலம்மா. இன்னொரு தடவ சொல்லு."

கிடங்கில் எந்த இரைச்சலும் இல்லை.