ஈரல் தெளிவாகத் தெரிந்தபோது

எங்கள் கிளி ரூபியின் எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி பச்சையாக மாறியதும், நான் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் சந்தேகப்பட்டேன். கோச்சடையில் எங்கள் தெருவில் அந்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மகள் வெளியூர் போனபின் எங்களோடு ஓயாமல் பேசுவது ரூபி ஒன்றுதான். அதை இழக்க எனக்குத் தைரியம் இல்லை.

தல்லாகுளம் பக்கம் ஒரு கால்நடை மருத்துவர், அல்ட்ராசவுண்ட் (ஒலி அலைகளால் உள்ளுறுப்பைப் படமாகக் காட்டும் சோதனை) எடுக்கலாம் என்றார். நாய்க்கு வைக்கும் கருவி கிளிக்கா? அவர்மேலும் சந்தேகம் வந்தது. ரூபியைத் துண்டில் சுற்றி, நெஞ்செலும்புக்குக் கீழே இறகை ஒதுக்கி ஜெல் தடவினார். திரையில் ஈரல் தெரிந்தது.

“நல்லாத் தெரியுதே டாக்டர்,” என்றேன் நிம்மதியாக.

“அதான் டீச்சர் யோசனையா இருக்கு. பறவை உடம்புல காத்துப் பை நிறைய. காத்து குறுக்க நின்னா படம் சரியா விழாது. ஈரல் வீங்குனாத்தான் இம்புட்டுத் தெளிவாத் தெரியும். கொழுப்பு சேந்திருக்கும்போல. என்ன குடுக்குறீங்க?”

“தினை, கீரை. வேற ஒண்ணுமில்ல.”

கூட வந்திருந்த என் கணவர் சுவரைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். வருகிறவர்களுக்கெல்லாம் ரூபி “ஸ்தோத்திரம்” சொல்லும். நான் அடுப்படியில் டீ போடும் நேரத்தில், இவர் வாசலில் முந்திரிக் கிண்ணத்தோடு நின்று, கிளிக்குக் கொடுக்கச் சொல்லி வருகிறவர்களிடம் நீட்டியிருக்கிறார்.

“ஆளுக்கு ஒண்ணுதானம்மா குடுத்தாங்க,” என்றார். “ஸ்தோத்திரம் சொல்ற வாய்க்கு ஒண்ணும் குடுக்காம எப்படி?”

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கிண்ணத்தை எடுத்து ஒளித்து வைத்தேன். முந்திரி நின்றது, ஈரலுக்குச் சொட்டு மருந்தும், தினமும் எடை பார்ப்பதும் தொடங்கின. ஜெபக்கூட்டத்தில் கண்ணை மூட முடியவில்லை. உள்ளே முந்திரி இருக்குமோ என்று போதகர் ஐயாவின் கைக்குட்டையைக்கூட நான் நம்பவில்லை.

கிளி வளர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பறவை நோயை முடிந்தவரை மறைக்கும், தின்பதுபோலவே கொத்திக்கொண்டிருக்கும். எடையைப் பாருங்கள்.

சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். டாக்டர் கருவியை அப்படியும் இப்படியும் நகர்த்தினார். “இப்ப சரியாத் தெரிய மாட்டேங்குது டீச்சர்,” என்று சிரித்தார். மங்கலான அந்தத் திரையைப் பார்த்து அழுதுவிட்டேன்.

இப்போதெல்லாம் ஒருவர் நன்றாக இருப்பதாகச் சொன்னால் நான் உடனே நம்புவதில்லை. காலையில் கணவரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறேன்.

“எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்,” என்கிறார்.

ரூபியும் அப்படித்தான் இருந்தது. அடுத்த வாரம் அவருக்கு ஸ்கேன்.