துளையிடாத டிக்கெட்

இன்று, இப்போது நான் வசிக்கும் கழக்கூட்டத்து வீட்டில் அம்மாவின் பழைய டைரிகளை வெயிலில் பரப்பியபோது, துளையிடாத அட்டை டிக்கெட் ஒன்று விழுந்தது. அதன் மட்கிய வாசத்தில், நான் பிறந்த ஊரில், நகரத்துக்குத் தெற்கே வயல் நடுவே ஓட்டுக் கூரையும் ஒற்றை பெஞ்சுமாக இருந்த எங்கள் ரயில் நிறுத்தம் எழுந்து வந்தது. டிக்கெட் விற்பனை குறைந்தால் வண்டி நிற்காது என்றார்கள். அதனால் எங்கள் தெருப் பெண்கள் முறைவைத்து, தினமும் காலை வண்டியில் அடுத்த ஸ்டேஷன்வரை போய், வரப்பு வழியே பேசிக்கொண்டே நடந்து திரும்புவார்கள். வெள்ளிக்கிழமை அம்மாவின் முறை, நானும் போவேன்.

"இன்னைக்கு எங்கயாக்கும் அக்கா போறிய?" டிக்கெட் கொடுக்கும் தங்கப்பன் வாராவாரம் கிண்டலாகக் கேட்பார்.

"எங்கயும் இல்ல. வண்டி நிக்கணும்லா, அதுக்காக்கும்."

ஆனாலும் நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள். "நாளைலேருந்து நிக்காதுக்கா," என்றார் தங்கப்பன்.

"நாளைக்கு ஒண்ணு தா தம்பி," என்று அம்மா கை நீட்டினாள். சேதி கேட்டு மற்ற பெண்களும் வந்து ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் தெருவே டிக்கெட்டோடு பெஞ்சருகே நின்றது. வண்டி வேகம் குறையாமல் போனது. டிரைவர் மட்டும் எங்களைக் கடக்கும்வரை நீளமாக ஊதினார். அம்மா டிக்கெட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வரப்பில் இறங்கினாள்.

"வாங்க, அடுத்த ஸ்டேஷன்ல போய் மாஸ்டர்ட்ட கேப்போம். டிக்கெட்டு நம்ம கையில இருக்குல்லா?"