திருப்பத்தில் ஆள் இல்லை

இப்போதெல்லாம் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடி முடிக்கிற எல்லோருக்கும் மெடல் கொடுக்கிறார்கள். முதலில் வந்தவனுக்கும் கொடுக்கிறார்கள், பாதி வழி நடந்து, போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தவனுக்கும் கொடுக்கிறார்கள். சட்டையில் குத்திய நம்பர் அட்டைக்குப் பின்னால் ஏதோ ஒட்டியிருக்கிறது. ரோட்டில் விரித்த பாயை மிதித்தால் நேரம் தானாகப் பதிவாகிவிடுகிறது. போன மாதம் ஒரகடம் பக்கம் நடந்த ஓட்டத்தில் என் கழுத்திலும் ஒரு மெடலை மாட்டி, "சூப்பர் அங்கிள்" என்றாள் ஒரு பெண். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் என்ன செய்வாள், பாவம். 1991-ல் இதே ரோட்டில் நான் முதல் ஆளாக ஓடி வந்தேன். நான் முழுதாக ஓடவே இல்லை என்று எழுதிவைத்தார்கள்.

அப்போது ஸ்ரீபெரும்புதூரில் தண்ணீர் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் நான் டெம்பரவரி. டெம்பரவரி என்றால் எட்டு மாதம் வேலை, பிறகு பத்து நாள் வீட்டில் உட்கார வேண்டும், பிறகு கேட்டில் போய் நின்று, யாரோ புது ஆள் மாதிரி மறுபடி டோக்கன் வாங்க வேண்டும். வாட்ச்மேன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "பேர் இன்னா?" என்று கேட்பான். தினமும் எனக்கு வணக்கம் வைத்தவன்தான். இரண்டு தடவை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தேன். மூன்றாம் தடவை சொல்லக்கூடாது என்பதுதான் அந்த வருஷம் எனக்கு இருந்த ஒரே ஆசை.

அசெம்பிளி லைனில் எனக்கு அடுத்து நின்றவன் வடக்குப்பட்டுக்காரன். அவனும் டெம்பரவரிதான். நான் சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரகடம் கூட்ரோடு வரை சைக்கிளில் வருவேன். அங்கே டீக்கடையில் சைக்கிளைப் போட்டுவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ஓடியே போவேன். ஏன் ஓடினேன் என்று கேட்டால், நன்றாக ஓட வந்தது, அதனால் ஓடினேன். என் சாப்பாட்டுத் தூக்கும் யூனிஃபார்மும் அவன் சைக்கிளில் தொங்கும். அவன் பக்கத்திலேயே மிதித்துக்கொண்டு, முந்தின நாள் பார்த்த சினிமாவை முழுக்கச் சொல்லிக்கொண்டு வருவான். ஷிஃப்ட் முடிந்தால் அவன் கேரியரில் உட்கார்ந்து கூட்ரோடு திரும்புவேன். இப்படி ஒன்றரை வருஷம்.

பத்து கிலோமீட்டர் தாண்டினால் என் இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சம்பழத் தண்ணீரில் உப்பைத் தூக்கலாகப் போட்டு இரண்டு வாய் குடித்தால் விட்டுவிடும். அது அவன் கண்டுபிடித்தது. சைக்கிளில் ஒரு பாட்டிலில் எப்போதும் வைத்திருப்பான்.

பொங்கலுக்கு முன்னால் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். கம்பெனி ஆட்களுக்கு ஓட்டப்பந்தயம். கேட்டிலிருந்து ஒரகடம் ரோட்டில் பத்தரை கிலோமீட்டர் போய், அதே வழியில் திரும்பி வர வேண்டும். முதலில் வருகிற டெம்பரவரியைப் பெர்மனென்ட் ஆக்கி, மற்ற கம்பெனிகளோடு நடக்கிற பந்தயங்களுக்கு அனுப்புவார்கள். கீழே பர்சனல் ஆபீசர் கையெழுத்து. அதை நான் நான்கு தடவை படித்தேன்.

பாதியில் திரும்பி வந்து ஏமாற்றிவிடக்கூடாது என்பதற்காக, திருப்பத்தில் ஒரு ஆள் நின்று ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ரப்பர் வளையம் மாட்டுவான் என்று முடிவு செய்தார்கள். வளையத்துக்கு எங்கே போவது? பம்புக்குள் கசிவை அடைக்கப் போடுகிற ஓ-ரிங் ஸ்டோர்ஸில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அதை யார் வேண்டுமானாலும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வரலாமே என்று யாரோ சொன்னதும், பந்தயத்தன்று விடியற்காலை பெயின்ட் ஷாப்பில் மஞ்சள் அடித்துப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். மஞ்சள் ரிங் இல்லாதவன் அவுட். வழியில் கம்பெனிப் பந்தலைத் தவிர யார் கையிலும் தண்ணீர் வாங்கினால் அவனும் அவுட். பந்தல் இருந்தது ஐந்தாவது கிலோமீட்டரில் ஒன்றே ஒன்று. திருப்பத்தில் பந்தல் கிடையாது. சாமான் கொண்டுபோக ஜீப் வேண்டும், ஜீப்பில் ஆபீசர் உட்கார வேண்டும் அல்லவா.

நான்தான் வடக்குப்பட்டானிடம், "திருப்பத்துல நிக்கறதுக்கு நீ பேர் குடு" என்றேன். ரிங் மாட்டுகிற சாக்கில் இரண்டு வாய் உப்புத் தண்ணீர். தப்பு என்று தெரியும். தெரிந்தேதான் கேட்டேன். "நாப்பத்திரண்டு நிமிசத்துல வந்துருவேன்டா" என்று நேரமும் சொல்லி வைத்தேன்.

காலை ஆறு மணிக்கு விசில் அடித்தார்கள். நாற்பது பேருக்கு மேல் ஓடினோம். பாதிப் பேர் வெறுங்காலில், நான் கேன்வாஸ் ஷூவில். ஆறாவது கிலோமீட்டரிலேயே எனக்கு முன்னால் ஒருத்தனும் இல்லை. ஆசை இழுத்துக்கொண்டு போனது என்றுதான் சொல்ல வேண்டும். கையில் கடிகாரம் இல்லை, ஆனால் எப்போதும் ஓடுவதைவிட வேகமாக ஓடுகிறேன் என்று தெரிந்தது. திருப்பத்தில் வைத்திருந்த டிரம் தூரத்தில் தெரிந்தபோது, கால் பிடிக்க ஆரம்பித்திருந்தது. பரவாயில்லை, தண்ணீர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டிரம் இருந்தது. டிரம்மில் சொருகிய சிவப்புக் கொடி இருந்தது. ஆள் இல்லை.

சைக்கிளும் இல்லை, ரிங் பையும் இல்லை. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல். பேர் சொல்லிக் கத்தினேன். டிரம்மைச் சுற்றி வந்தேன். இருபது வரைக்கும் எண்ணினேன். ஒருவேளை ரிங் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்களோ, ஜீப்பில் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்களோ என்று என்னென்னவோ தோன்றியது. இருபதுக்கு மேல் எண்ண மனசு கேட்கவில்லை. திரும்பி ஓடினேன். கொஞ்ச தூரத்தில் இரண்டாவது ஆள் எதிரே வந்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், மெஷின் ஷாப். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன்.

திரும்பி வந்த பத்தரை கிலோமீட்டரையும் கெண்டைக்காலில் கல்லைக் கட்டிக்கொண்டுதான் ஓடினேன். ஆனாலும் முதலில் வந்தேன். கேட்டில் நின்றவர்கள் கை தட்டினார்கள். ஆபீசர் நாற்காலியிலிருந்து எழுந்துகூட வந்தார்.

"கையைக் காட்டு" என்றார்.

"அங்க ஆள் இல்ல சார்."

"ரிங் எங்க?"

"ஆளே இல்ல சார். கொடி மட்டும் இருந்துச்சு. சுத்திட்டுத்தான் வந்தேன்."

அதற்குள் மெஷின் ஷாப்காரன் வந்து சேர்ந்தான். அவன் மணிக்கட்டில் மஞ்சள் ரிங். காயாத பெயின்ட் வியர்வையோடு முழங்கை வரைக்கும் வழிந்திருந்தது. ஆபீசர் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் எனக்குள் எரிகிறது. மூச்சு வாங்கிக்கொண்டே அந்த மெஷின் ஷாப்காரன்தான் எனக்காகப் பேசினான். "அவன் எனக்கு முன்னால போனாம்லா சார். எதுத்தாப்புல வந்தான், நான் பாத்தேன்."

"திரும்பறதைப் பார்த்தியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அதப் பாக்கல சார்."

எல்லோரும் ஓடி முடித்த பிறகு, ஜீப்பில் வடக்குப்பட்டானை அழைத்து வந்தார்கள். பை கையில் இருந்தது. என்னைப் பார்த்தான், உடனே ஆபீசர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"போஸ்ட்டை விட்டு எங்கயாவது போனியா?"

"இல்ல சார்."

"இவன் வந்தானா?"

"நான் பாக்கல சார்."

அவ்வளவுதான். என் பேர் மேல் சிவப்பு இங்கில் ஒரு கோடு போட்டார். நான் அவன் மேல் பாய்ந்தேன். நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

கொடுமை என்னவென்றால், காலையில் அவன் கேரியரில்தான் வந்திருந்தேன், என் சைக்கிள் கூட்ரோடு டீக்கடையில் கிடந்தது. இருபத்தொரு கிலோமீட்டர் ஓடிய காலோடு நடக்கவும் முடியாது, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பவும் முடியாது. யாரை அடிக்கப் பாய்ந்தேனோ அவன் கேரியரிலேயே உட்கார்ந்து போக வேண்டியிருந்தது. சுங்குவார்சத்திரம் பக்கம் போகிற ஒரு லாரியாவது வராதா என்று பார்த்தேன், அது எனக்கு எதிர்ப்பக்கம் என்பதுகூட அப்போது உறைக்கவில்லை. கடைசியில் ஏறி உட்கார்ந்து, அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"எங்கடா போன?"

"உப்பு வாங்க."

"இன்னாது?"

"வூட்ல தண்ணி கலக்கிகினு வந்தேன்டா. பழம் புழிஞ்சேன், சக்கரை போட்டேன். அங்க வந்து வாயில வெச்சிப் பாத்தா உப்பு போடல. உப்பு இல்லன்னா உனுக்குக் கால் புடிச்சிக்கும்னு கூட்ரோடு வரிக்கும் மிதிச்சேன். நீ நாப்பத்திரண்டுன்னு தானே சொன்ன? முப்பத்தெட்டுக்கு வந்தா நான் இன்னா பண்றது?"

"வந்து சொல்ல வேண்டியதுதானே அந்தாளு கையில!"

"எதுக்குப் போனன்னு கேப்பான். உப்புன்னு சொன்னா யாருக்குன்னு கேப்பான். உனுக்குன்னு தெரிஞ்சா நீ அப்பவும் அவுட்டு. என் டோக்கனும் பூடும். ரெண்டு பேரும் வெளிய நிக்கணுமா?"

அவன் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் சும்மா பயந்து பொய் சொல்லியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். நான் போன ஒரு நிமிஷத்தில் அவன் டிரம்முக்கு வந்து சேர்ந்துவிட்டானாம். நான் முன்னால் போய்விட்டதை மெஷின் ஷாப்காரன் சொல்லித்தான் தெரிந்ததாம். அப்போதாவது சைக்கிளை எடுத்துக்கொண்டு துரத்தி வந்து ஒரு ரிங்கை மாட்டியிருக்கலாம். "மத்தவங்க வந்துகினே இருந்தாங்கடா, எப்டி நவுர்றது?" என்றான். நகரக்கூடாத நேரத்தில் நகர்ந்தவன், நகர வேண்டிய நேரத்தில் நின்றுவிட்டான். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பின்னால் நீட்டினான். உப்பு. பிடுங்கி ரோட்டில் வீசினேன்.

அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. மெஷின் ஷாப்காரன் பெர்மனென்ட் ஆனான். மூன்று நாள் கேன்டீனில் அவன் மஞ்சள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துத் தொலையக்கூடாதா என்று மனசுக்குள் அவனையும் திட்டினேன். பங்குனியில் என்னையும் வடக்குப்பட்டானையும் ஒரே நாளில் நிறுத்தினார்கள். பத்து நாள் கழித்து கேட்டில் ஒரே வரிசையில் நின்றோம். வாட்ச்மேன், "பேர் இன்னா?" என்றான். எனக்கு முன்னால் நின்ற அவன் தன் பேரைச் சொன்னான். நானும் என் பேரைச் சொன்னேன். மறுபடி அதே லைன், அதே அடுத்தடுத்த இடம். அவன் பம்பின் மூடியைத் தள்ளுவான், நான் போல்ட் முடுக்குவேன். ஒரு வருஷம் எங்களுக்கு நடுவில் பம்பு மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது. காலையில் தூக்கைத் தோளில் கட்டிக்கொண்டு தனியாக ஓடினேன். குழம்பு முதுகில் வழியும். அதற்கும் அவனைத்தான் திட்டுவேன்.

அடுத்த பொங்கலுக்கும் பந்தயம் வைத்தார்கள். இந்தத் தடவை பெர்மனென்ட் கிடையாது. முதலில் வருகிறவனுக்கு ஒரு கேடயம். ஒன்பது மணிக்கு விசில் அடிப்பதற்கு முன்னால் ஆபீசர் மைக்கைப் பிடித்துத் திருப்பத்தில் நிற்கிற ஆளைப் பாராட்டினார். போன வருஷம் போஸ்ட்டை விட்டு ஒரு அடி நகராத ஆள், டூட்டி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கோபத்திலேயே ஓடினேன், கோபம் ஏழு கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை. ஒவ்வொருவனாக என்னைத் தாண்டிப் போனான். திருப்பம் தெரிந்தபோது நான் ஏழாவது ஆள், இடது கால் கல்லாகிவிட்டது.

டிரம் இருந்தது, கொடி இருந்தது, அவனும் இருந்தான். டிரம்மை ஒட்டி விறைப்பாக நின்றான். சைக்கிளைப் பூட்டிப் புளியமரத்தில் சாய்த்திருந்தான். நிழல் பத்தடி தள்ளி இருந்தது, அதற்குக்கூடப் போகவில்லை. மூஞ்சியெல்லாம் வெயிலில் கறுத்துப்போய், ஒரு ரிங்கை இரண்டு விரலில் விரித்து நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் வளைவில் திரும்பியதிலிருந்து அப்படியே பிடித்திருக்கிறான் என்று பார்த்தாலே தெரிந்தது. விரலெல்லாம் மஞ்சள்.

கையை நீட்டினேன். மாட்டினான். கெண்டைக்கால் சுரீர் என்று இழுத்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு நான் அவனிடம் வாயைத் திறந்தேன்.

"உப்புத் தண்ணி எங்கடா?"

அவன் திருதிருவென்று விழித்தான். "கொண்டாரலடா. கொண்டாந்தா மறுபடியும் எதுனா..."

"ஒரு நொண்டி வந்துகினு கீறான், கால் புடிச்சிக்கும்னு தெரியும், ஒரு வாய் தண்ணி கொண்டாரத் துப்பு இல்ல உனுக்கு!" என்று கத்திவிட்டு ஓடினேன்.

மிச்சம் பத்தரை கிலோமீட்டரும் அவனைத் திட்டிக்கொண்டேதான் ஓடினேன். திட்டி முடியவில்லை. கேட்டில் இரண்டு மணி நேரம் காத்திருந்து, அவன் வந்ததும் கேரியரில் ஏறி உட்கார்ந்து, கூட்ரோடு வரைக்கும் மீதியைத் திட்டினேன்.