நாப்பது குதிரை, ஒரு மரக்கா நெல்லு இல்ல

கேம் சென்டர் நடத்துறவனுக்கு தெனமும் பத்து இருவது ராஜாவப் பாக்குற யோகம் உண்டு. அதுல ஒருத்தனுக்காவது சோறு எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே கடைக்கு லீவு விட்டுக் கொண்டாடியிருப்பேன்.

என் கடை சிதம்பரத்துல, கீழ வீதிக்குப் பின்னால ஒரு சந்துல, மாடியில இருக்கு. எட்டு கம்ப்யூட்டர், ரெண்டு ஃபேன், பேருக்கு ஒரு ஏசி. பதினோரு வருஷமா நடத்துறேன். துப்பாக்கி கேம் ஆடுறவங்கள நான் கொற சொல்லல. அவுங்க சுடுவாங்க, சாவாங்க, எழுந்து மறுபடியும் சுடுவாங்க. என் வயித்தெரிச்சல் எல்லாம் அந்தக் காலத்து ராஜாக்களோட யுத்த கேம் ஆடுறவங்களப் பத்திதான்.

அது எப்படின்னா, முதல்ல கையில பத்து ஆளு, ஒரு குடிசை குடுப்பான். ஆளுங்கள வயலுக்கு அனுப்பணும், மரம் வெட்ட அனுப்பணும், கல்லு ஒடைக்க அனுப்பணும். நெல்லு சேந்தா களஞ்சியம் கட்டணும், அப்புறம்தான் படை. ஸ்கிரீனுக்கு மேல ஓரத்துல நெல்லு எவ்வளவு இருக்குன்னு ஒரு நம்பர் ஓடும். படை தின்னத் தின்ன அது கொறையும். சைபர் ஆச்சுன்னா சிப்பாயிங்க ஒவ்வொருத்தனா வாளக் கீழ போட்டுட்டு ஓடிடுவான். இதுல என்னா கஷ்டம்? சின்னக் கொழந்தைக்குப் புரியும். என் கஸ்டமருங்களுக்குப் புரியாது.

மே மாசம் ஆனா எங்களுக்கும் கடலூர் மஞ்சக்குப்பத்துல கடை வச்சிருக்கிற பாஸ்கருக்கும் மேட்ச். நாலு பேருக்கு நாலு பேரு. மூணு வருஷமா தோக்குறோம், மூணு தடவையும் நெல்லு தீந்துதான் தோத்தோம். இப்ப அந்த பாஸ்கர் எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுகிட்ட இருவது மெஷின் போட்டு பிராஞ்சு தொறக்குறான். என் ரெகுலர் ஆளுங்க என் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாங்க, இந்த வருஷமும் தோத்தா தோக்குற கடையில ஒக்காந்து ஆட மாட்டோம், அங்க போயிடுவோம்னு. அவுங்க போயிட்டா எட்டு கம்ப்யூட்டர வச்சுக்கிட்டு நான் மாவாட்டவா? என்ன மாதிரி கடை வச்சு நொந்தவங்க இதப் படிச்சு கொஞ்சம் ஆறுதல் அடைங்க.

மல்லாட்டைக்காரர் மவன்

பிரபு இன்ஜினியரிங் கடைசி வருஷம். ஸ்ரீமுஷ்ணம் பக்கம். அவுங்க அப்பா மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, அப்புறம் கரும்புன்னு மாத்தி மாத்திப் போட்டு இவனப் படிக்க வைக்கிறாரு. எங்க டீமுக்கு இவன்தான் தளபதி. யாரும் போட்டு வைக்கல, அவனே சொல்லிக்கிட்டான்.

இவனுக்குக் குதிரைன்னா உசுரு. கேம் ஆரம்பிச்ச அரை மணி நேரத்துல நாப்பது குதிரைக்காரன் நிப்பான், வரிசையா, கல்யாண வீட்டு வாசல்ல பைக் நிக்கிற மாதிரி. மேல பாத்தா நெல்லு பதினெட்டு. பதினெட்டு மூட்டைய வச்சு நாப்பது ஆளும் நாப்பது குதிரையும் என்னாத்த தின்னும்? பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு பெரியவங்க சொன்னாங்க. இவன் படைக்கு முந்திடுவான், பந்தியே வைக்க மாட்டான். அவன் பின்னால போயி நின்னு, "டேய், குதிரைய அப்புறம் வாங்கு, பத்து ஆளத் திருப்பி வயலுக்கு அனுப்பு"ன்னு நயமாத்தான் சொன்னேன். சொல்லி முடிக்கல, முதல் குதிரைக்காரன் எறங்கி ஓடினான்.

பிரபு ஹெட்செட்டக் கழட்டி மேசை மேல வச்சான். "அண்ணே, வயக்காட்டு வேலை உனக்கு வேணாம்டான்னுதான் எங்கப்பா என்னக் காலேஜுல சேத்தாரு. இங்க வந்தா நீங்க கள புடுங்கச் சொல்றீங்க."

கடைசியா வந்தா நெல்லு

நெல்லு வேலைய யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்கன்னு நானே ஒரு சட்டம் போட்டேன். டீம்ல யாரு கடைசியா படியேறி வர்றாங்களோ அவுங்கதான் அன்னிக்கு நெல்லுக்காரன். வயலு, களஞ்சியம், மாட்டு வண்டி எல்லாம் அவுங்க பொறுப்பு. மத்த மூணு பேரு சண்டை போடலாம். போட்ட அன்னிக்கு எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கிட்டேன்.

மறுநாளுலேருந்து எனக்கு கெட்ட நேரம். பத்து மணிக்கு தொறக்குற கடைக்கு ஒம்போதரைக்கே ஷட்டர் முன்னால நிக்குறாங்க. கொஞ்சம் லேட்டானவன் படியேறவே மாட்டான், கீழ டீக்கடையில ஒளிஞ்சிக்கிட்டு "எனக்கு ஜொரம்"னு போன் பண்ணுவான். நான் ஜன்னல் வழியா அவன் டீ ஆத்துறதப் பாத்துக்கிட்டே, "ஒடம்பப் பாத்துக்கப்பா"ன்னு சொல்லணும்.

குமரேசன் சார்னு ஒருத்தரு எங்க டீம்ல ரெண்டாவது ஆளு. கடலூர்ல கவர்மெண்ட் ஆபீஸ்ல வேலை, வீடு இங்க. அம்பது வயசாவுது, சர்க்கரை வேற இருக்கு, வாளப் புடிச்சா மட்டும் கொழந்தை. ஒருநாள் அரை நாள் லீவு போட்டுட்டு பஸ் புடிச்சு ஓடியாந்தாரு. அப்பவும் அவருதான் கடைசி. சட்டம்னா சட்டம், நெல்ல அவருகிட்ட குடுத்தேன். நாக்காலியில ஒக்காராமலே கேட்டாரு.

"ஏம்ப்பா, ஆபீஸ்ல நான் பாக்குறதே ரேஷன் அரிசி பைலு. லீவு போட்டுட்டு ஓடியாந்தா இங்கயும் அதானா?"

ரெண்டு மாசம் படகு கரையில

எங்க ஊரு பக்கம் சித்திரை பொறந்தா ரெண்டு மாசம் மீன்பிடி தடைக்காலம். மீனு குஞ்சு பொரிக்கட்டும்னு படகெல்லாம் கரையில ஏறிடும். இந்த வருஷம் அந்த ரெண்டு மாசத்துக்கு மட்டும் வேலு என் கஸ்டமரு. பிச்சாவரத்துக்கு அந்தாண்ட மீனவக் கிராமம், நாப்பது வயசுக்காரரு, வலை இழுத்து இழுத்து மொறம் மாதிரி கை. மவுஸு அந்தக் கையில காணாமப் போயிடும். வந்த மொத நாளே, "எனக்கு சண்டை வேணாங்க, நான் சோத்தப் பாத்துக்குறேன்"னாரு. பதினோரு வருஷத்துல இப்படிச் சொன்ன மொத மனுஷன். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

கேம்ல கடலும் உண்டு, படகும் உண்டு. புடிக்கிற மீனும் சாப்பாட்டுக் கணக்குல சேரும். வேலு ஆறு படகு விட்டாரு, சாப்பாடு மளமளன்னு ஏறுது. பிரபு குதிரை மேல குதிரையா வாங்குறான். நான் டீ குடிக்கக் கீழ எறங்கினேன். திரும்பி வந்து பாத்தா ஆறு படகும் கரையில வரிசையா நிக்குது, சாப்பாடு சைபரு, குதிரைக்காரனெல்லாம் ஓடிக்கிட்டு இருக்கான், பிரபு தலையில கைய வச்சிருக்கான். "யோவ் வேலு, படக ஏன்யா நிறுத்தின?"ன்னு கத்திட்டேன். கேம்ல இருக்கிற மீனு புடிச்சா தீரும், மறுபடி வராது. அது அவருக்குத் தெரியாது. கடல் தொழில ஒழுங்கா செஞ்ச மனுஷன், அதான் தப்பு.

வேலு ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு, நெசமாவே வருத்தமாக் கேட்டாரு: "நாலு நாளு விட்டா பெருகும்னு பாத்தேங்க. இந்தக் கடல்ல மீனு முட்டையே போடாதா?"

கோபுரம் கட்டின மச்சான்

ஒரு வாரத்துல வேலு எல்லாத்தையும் கத்துக்கிட்டாரு. எத்தன வயலு, எத்தன ஆளு, எப்ப மாத்திப் போடணும், எல்லாம் வெரல் நுனியில. களஞ்சியம் ரொம்புது. எனக்கு ராத்திரி தூக்கம் வர ஆரம்பிச்சுது. அப்பதான் நாலாவது ஆளு வேலையக் காட்டினான். நாலாவது ஆளு என் பொண்டாட்டியோட தம்பி சரவணன். மத்தியானத்துல கடையப் பாத்துக்குறவன், அந்த உரிமையில டீம்ல எடம் புடிச்சவன்.

கேம்ல ஒரு சந்தை உண்டு, நெல்லக் குடுத்துத் தங்கம் வாங்கலாம். வேலு இல்லாத நேரமாப் பாத்து இவன் மொத்த நெல்லையும் வித்து, அந்தத் தங்கத்துல ஊருக்கு நடுவுல கோபுரம் மாதிரி ஒண்ணு கட்டிட்டான். எதுக்குன்னு கேட்டா, பாக்க நல்லா இருக்காம். எதிரி வந்தான். நம்ம சிப்பாயிங்க பசியில அந்தக் கோபுரத்தச் சுத்திக்கிட்டே ஓடினாங்க. "வெக்கமா இல்லையாடா? சோத்துக்கு வச்ச நெல்ல எவனாவது விப்பானா?"ன்னு கடையே திரும்பிப் பாக்குற மாதிரி கேட்டுட்டேன்.

"எங்கப்பாவும் வித்தாரு மாமா. ஒரு வருஷ நெல்ல மொத்தமா வித்துதான் எங்கக்காவுக்கு உங்களப் புடிச்சாரு. அந்த யாவாரத்துக்கு இது எவ்வளவோ தேவல."

மஞ்சக்குப்பத்துப் போர்

மேட்ச் அன்னிக்குக் காலையில ஆறரைக்கெல்லாம் அஞ்சு பேரும் பஸ் ஏறிட்டோம். எல்லாருக்கும் கிளம்புறப்ப ஒரு டீ, அவ்வளவுதான். இட்லி சாப்பிட்டா தூக்கம் வரும், ஜெயிச்சிட்டு மத்தியானம் பிரியாணி சாப்பிடலாம்னு நான்தான் சொன்னேன். வேலு மட்டும் வீட்லேருந்து ஒரு தூக்குல சோறும் கருவாட்டுக் கொழம்பும் கொண்டாந்திருந்தாரு. எங்க போனாலும் சோத்தோட போறது அவுங்க பழக்கமாம். நான் மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன்.

இன்னொன்னையும் ஒத்துக்குறேன். பாஸ்கர்கிட்டப் பேசி, ஆரம்பிச்சா முடியிற வரைக்கும் நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு ரூல் வாங்கினதே நான்தான். இழுக்க இழுக்க நமக்குத்தான் லாபம், நம்மகிட்ட வேலு இருக்காரு. பத்து மணிக்கு ஆரம்பிச்சது. ஒரு மணிக்கு நம்ம களஞ்சியத்துல ஒம்போதாயிரம் மூட்டை. பாஸ்கர் ஆளுங்ககிட்ட முந்நூறு. இன்னும் அரை மணி தாண்டினா அவன் படை கலைஞ்சிடும். நான் பின்னால நின்னு கைய தேச்சுக்கிட்டு இருக்கேன். பிராஞ்சாவது மண்ணாங்கட்டியாவது!

ஒண்ணேகாலுக்கு பாஸ்கர் வீட்லேருந்து நாலு தட்டு வந்துது. அவன் ஆளுங்களுக்கு, ஒக்காந்த எடத்துலயே. சாம்பார் சாதம், உருளைக்கெழங்கு. வாசனை ரூம் பூரா. மொதல்ல குமரேசன் சார் எழுந்தாரு. கை நடுங்குது, மூஞ்சி வேர்த்துக் கொட்டுது, "சர்க்கரை எறங்குதுப்பா, ஒரு நிமிஷம்"னு சொல்லிட்டு சுவத்தப் புடிச்சுக்கிட்டே வெளிய போனாரு. அவரத் தாங்கிப் புடிக்கப் போன சரவணன் திரும்பி வரல, அவனும் ஓட்டல்ல ஒக்காந்துட்டான். வேலு ஒரு கையால வயலப் பாத்துக்கிட்டு, இன்னொரு கையால தூக்குச் சட்டியத் தொறந்து பிரபு பக்கம் தள்ளினாரு. பிரபு மவுஸ விட்டுட்டு ரெண்டு கையாலயும் சாப்பிட்டான். அந்த அஞ்சு நிமிஷம் போதும். நம்ம பக்கம் ரெண்டு நாக்காலி காலி, ஒருத்தன் கொழம்புல. பாஸ்கர் ஆளுங்க கோட்டைய ஒடைச்சு உள்ள பூந்துட்டாங்க. நம்ம ஒம்போதாயிரம் மூட்டையும் அப்படியே அவுங்க கைக்குப் போச்சு.

பாஸ்கர் வந்து கை குடுத்தான். "அண்ணே, ஒங்க களஞ்சியத்தப் பாத்து நான் தோத்தேன்னே முடிவு பண்ணிட்டேன். அப்புறம் ஒங்க ஆளுங்க மூஞ்சியப் பாத்தேன், தைரியம் வந்துடுச்சு."

ஓடிப்போனவங்க

பிராஞ்சு தொறந்தாச்சு. வேலு தடைக்காலம் முடிஞ்சு கடலுக்குப் போயிட்டாரு. மத்தவங்க எல்லாம் சொன்ன மாதிரியே அங்க போயிட்டாங்க. என் மச்சான் அங்க மேனேஜரு. பொண்டாட்டி தம்பியாச்சேன்னு வாயத் தொறக்க முடியல. என் கடையில இப்ப எட்டு கம்ப்யூட்டரும் சும்மா கெடக்கு. ஏசிய நிறுத்திட்டேன், யாருக்காகப் போடுறது?

போன வாரம் தெற்கு வீதியில பிரபு எதுர வந்தான். மொதல்ல பாக்காத மாதிரி போகப் பாத்தான், நான் விடல. பைக்க மறிச்சு நின்னு, ஒரு தோல்விக்கு இப்படியா விட்டுட்டு ஓடுவீங்க, எத்தன வருஷமா சொல்லிக் குடுத்தேன், நன்றி இருக்கான்னு நடுத்தெருவுல வச்சு வாய்க்கு வந்தத எல்லாம் கேட்டேன். அவன் எஞ்சின ஆஃப் பண்ணிட்டு, நான் முடிக்கிற வரைக்கும் பொறுமையாக் கேட்டான்.

"தோத்ததுக்காகப் போகலண்ணே. குமரேசன் சாரு அன்னிக்கு ஓட்டல் வாசல்ல மயங்கி ஒக்காந்துட்டாரு தெரியுமா? வெளிய வந்தீங்களா நீங்க? களஞ்சியத்துல நெல்லு எவ்வளவுன்னே பாத்துக்கிட்டு நின்னீங்க."

ஆக, அடுத்தவனுக்குத் தன் படைக்கு சோறு போடத் தெரியலன்னு பதினோரு வருஷமா திட்டிக்கிட்டே கடை நடத்தின நான், படையெல்லாம் ஓடிப்போனப்புறம் போன வாரம்தான் கடைக்கு ஒரு சோத்துப் பானை வாங்கி வச்சிருக்கேன்.