புளியங்கொட்டை ஆட்கள்

புதுப் பெட்டியின் மூடியைத் திறந்ததும் வரும் அந்த வாசனை, அட்டையும் மையும் மரத்தூளும் கலந்த வாசனை, இப்போது எந்தக் கடையில் மூக்கில் பட்டாலும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. எனக்குப் பதினோரு வயது நடந்தபோது, ஆபீஸ் நண்பர் வீட்டில் ஆடிப் பார்த்து மயங்கிப்போன அப்பா, புக்கிட் பெருவாங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு பலகை ஆட்டப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாம்பும் ஏணியும் கேரமும்தான் ஆட்டம் என்று நினைத்திருந்த எங்களுக்கு, பகடையே இல்லாமல் யோசித்து யோசித்து ஆடும் இந்தப் புது ஆட்டத்தில் தலைகால் புரியவில்லை. ஞாயிறு மதியம் மேசையைத் துடைத்துவிட்டு அப்பா, அம்மா, அண்ணன், நான் என நாலு பேரும் உட்காருவோம். அடுப்படியை விட்டு நகராத அம்மா எங்களோடு இரண்டு மணி நேரம் முழுசாக உட்கார்ந்தது அந்த ஞாயிறுகளில் மட்டும்தான்.

ஆட்டம் இதுதான். ஆளுக்கொரு ரப்பர் தோட்டம். கப்பலில் வரும் ஆட்களை, அதாவது நகம் அளவுள்ள பழுப்பு மரக்கட்டைகளை, நிலத்தில் நிறுத்தினால் விளைச்சல். விலை ஏறும்போது நிலத்தை விற்றால் புள்ளி. விற்றதும் ஆட்களைப் பெட்டியில் திருப்பிப் போட்டுவிட வேண்டும். சட்டப் புத்தகத்தில் அதற்கு ஒரே ஒரு வரி. எந்தப் புண்ணியவான் எந்த ஊரில் குளுகுளுவென்று உட்கார்ந்து எழுதினானோ, நாசமாய்ப் போக!

அம்மா செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கூலி ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய "லயத்து" வீட்டில், மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் "பால்வெட்டு" வேலை செய்தவர்களுக்குப் பிறந்தவர். அவருக்குப் பதினாலு வயதானபோது தோட்டத்தை விற்றார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரு கடுதாசி வந்தது. வேறொரு தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய "மண்டோரின்" மகனான அப்பாவுக்கு இந்தக் கதை முழுசாகத் தெரியும். எங்களுக்கும் அரைகுறையாகத் தெரியும்.

அம்மா ஒருநாளும் நிலத்தை விற்றதில்லை, அதனால் ஒருநாளும் ஜெயித்ததில்லை. "ஒங்கம்மாவுக்கு பிஸ்னஸ் வராது லா" என்று அப்பா கிண்டலடிப்பார், அம்மாவும் சிரித்துக்கொள்வார்.

ஒரு ஞாயிறு, அப்பா கடைசிச் சுற்றில் தோட்டத்தை விற்று, "இன்னைக்கு நான்தான் பெரிய தொர!" என்று மேசையைத் தட்டி, ஒன்பது கட்டைகளையும் புறங்கையால் பெட்டிக்குள் தள்ளினார். அம்மா பெட்டிக்குள் கையை விட்டு அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் "பெரட்டுக்கு" நிற்பதுபோல மேசை ஓரத்தில் வரிசையாக நிறுத்தினார்.

"வித்துட்டீங்க, சரி. இவங்க எங்க போவாங்க?"

"அட, மரக்கட்டை லா இது!"

"எங்கப்பா இப்படித்தாங்க நின்னாரு. கடுதாசிய கையில வச்சிக்கிட்டு, படிக்கத் தெரியாம."

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அவரைவிடக் கேவலமாக நடந்துகொண்டது நான்தான். அப்பாவுக்கு அடுத்து ஆட வேண்டியது நான், ஜெயிக்கும் ஆட்டம் என் கையில் இருந்தது.

"தோக்கப் போறோம்னு ஆட்டத்த கெடுக்காதம்மா!" என்று கத்தினேன்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மேசையில் இருந்ததும் பெட்டியில் இருந்ததுமாக அத்தனை பழுப்புக் கட்டைகளையும் "கைலி" மடியில் அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறாவது அப்பா போய்க் கூப்பிட்டாரா? கூப்பிடவில்லை. "ஆளு போனா என்ன, வேற ஆளு கொண்டாந்தா போச்சு" என்று சமையலறையிலிருந்து புளியங்கொட்டைகளைப் பொறுக்கிக் கழுவிக்கொண்டு வந்தார். அம்மாவின் தோட்டத்திலிருந்து என் தாத்தாவை அனுப்பிவிட்டு இதே வார்த்தையைத்தானே சொல்லியிருப்பார்கள்! நாங்களும் ஆடினோம், வெட்கமில்லாமல், வருடக்கணக்கில். நாலாவது நாற்காலியில் பழைய பேப்பர் குவிந்தது. மூன்று பேரில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், "வாம்மா" என்று சொல்லியிருந்தால் அவர் வந்து உட்கார்ந்திருப்பார்.

அந்தத் தோட்டம் இப்போது கேட் போட்ட வீடுகளாகிவிட்டது. லயம் இருந்த இடம் எதுவென்று காட்ட ஒரு மரம்கூட மிச்சமில்லை. காட்டுவதற்கு அம்மாவும் இல்லை. சென்ற மாதம் அவருடைய அலமாரியைச் சுத்தம் செய்தபோது, பிஸ்கட் டின்னுக்குள், மடிப்பெல்லாம் நைந்துபோன அந்தக் கடுதாசியில் பொதிந்து, பழுப்புக் கட்டைகள் அத்தனையும் இருந்தன.

வெளியே அப்பா என் மகளுக்காகப் பழைய ஆட்டத்தை மேசையில் விரித்துக்கொண்டிருந்தார். திறந்த டின்னோடு வந்த என்னைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"கெடச்சிருச்சா? கொண்டா கொண்டா, பேத்தியோட ஒரு ஆட்டம் போடுவோம்."

டின்னை என் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினேன்.

"இவங்க வரமாட்டாங்கப்பா. நீங்க புளியங்கொட்டையிலேயே ஆடுங்க."