இரண்டு பொட்டலமும் வெள்ளை

அம்மா தை மாதம் இறந்தார். பெயர் அங்கம்மாள். மோகனூர் பக்கத்தில் எங்கள் ஊர். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. முன்பெல்லாம் பேருந்து மட்டும் ஊருக்குள் வராது. மெயின் ரோட்டோடு போய்விடும். அங்கிருந்து வீடு வரை அம்மா முழங்காலைத் திட்டிக்கொண்டே நடப்பார்.

வண்டி திரும்ப இடம் காட்டினால் உள்ளே விடுவதாகப் பணிமனையில் சொன்னார்கள். அவ்வளவு பெரிய இடம் மாரியம்மன் கோயில் திடல்தான். நான் சிவில் இன்ஜினியர். டேப் பிடித்து அளந்தேன், தாராளமாகத் திரும்பும். கோயில் தர்மகர்த்தா சின்னண்ணன், அப்பாவின் அண்ணன், எனக்குப் பெரியப்பா, ஒப்பவில்லை. பொங்கல் வைக்கும் மண்ணில் டயர் படக் கூடாதாம்.

கடைசியில் அம்மனிடமே பூக் கேட்பது என்று முடிவானது. வாழையிலையில் இரண்டு பொட்டலம்: ஒன்றில் வெள்ளை அரளி, மற்றதில் சிவப்பு. பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம். கோயிலுக்குப் பூக் கட்டுவது எங்கள் வீட்டு முறை. அதனால் பொட்டலமும் அம்மாதான் கட்டினார். இதில் ஒரு சிக்கல் இருப்பது பெரியப்பாவுக்குத் தோன்றவேயில்லை.

வெள்ளை வந்தது. குலவை, மேளம், பட்டாசு. பூசாரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. யாரும் கேட்காமலே மற்றதையும் பிரித்துக் காட்டினார். அதுவும் வெள்ளை.

மேளம் நின்றது.

"ஏனம்மிணி, செவப்பு எங்க?" என்றார் பெரியப்பா.

"ஆத்தாளுக்கு மாட்டேங்கற நெனப்பே இல்லீங்க மாமா. நா என்னங்க பண்ணட்டும்?" என்றார் அம்மா.

முதலில் சிரித்தது பூசாரி. பிறகு மேளக்காரர்கள். பெரியப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. மறுபடி கேட்கலாம் என்று ஒருவர் முனகினார்.

"ஒருக்காக் கேட்டதுக்கு ரெண்டுக்காச் சொல்லிப்போட்டா. இன்னும் என்ன?" என்றார் பெரியப்பா.

வாழைமரம் கட்டிய பேருந்து திடலில் வட்டமடித்தது. அம்மா முதல் ஆளாக ஏறினார். மோகனூரில் இறங்கவில்லை. அதே வண்டியில் திரும்பி வந்து, அதே வண்டியில் மறுபடி போனார். எங்கே இறங்கணும் என்று கண்டக்டர் கேட்டதற்கு, எங்கேயும் இல்லை சாமி, சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றாராம்.

ஒரே குறை, வண்டி வரும்வரை வெயிலில் நிற்க வேண்டும். ஒரு நிழற்குடை போட்டால் என்ன என்று கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா போன பிறகு, சித்திரையில் அந்தப் பேச்சு எழுந்தது. திடல் ஓரத்தில் போடலாம். ஆனால் மறுபடி பூக் கேட்க வேண்டும். இனி அந்த வீட்டில் மட்டும் பொட்டலம் கட்டக் கூடாது என்று பாதி ஊர் சிரித்தபடி சொன்னது. முறையை மாற்ற முடியாது என்றார் பெரியப்பா. விடிந்ததும் அவரே பூக்கூடையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

கூடையில் வெள்ளை அரளி மட்டும் இருந்தது.