புள்ளடி இல்லாத ஒப்பந்தம்

இரண்டு தரம் மறுத்த நிர்வாகத்திடம் ஒரு ஞாயிறு மாலைக்கு மண்டபம். மேடை என்றால் ஓடி ஒளிந்த ஒன்பது பெண்களைக் கொண்டு ஒரு நாடகக்குழு. தங்கள் கடிதங்களைத் தாங்களே வாசிக்கச் சனிக்கிழமைதோறும் கூடும் பதினான்கு தாய்மார். நாற்பத்திரண்டு வயதில் முதியோர் இல்லத்தில் பயிற்சிக்கு ஓர் இடம். இவையெல்லாம் பிரபாலினி வென்றவை. இவற்றைவிடக் கடினமானது அவளுடைய அக்கா புஸ்பவதியை வெல்வது.

ஜேர்மனியின் ஹம் நகருக்கு வந்த நாள்தொட்டுத் தங்கைக்கு டொச்சு மொழியில் வரும் கடிதங்களைப் புஸ்பவதிதான் பிரித்தாள். அகராதி வைத்து வாசித்து, திகதிப்படி கோப்பில் அடுக்கினாள். கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறிபோலச் சின்னப் புள்ளடி போடுவாள். பிரபாலினி அதன்மேல் கிறுக்கிவிட்டுத் தேநீர் வைக்கப் போவாள். பத்தொன்பது வருடம் அப்படியே போயிற்று.

பயிற்சி ஒப்பந்தம் மட்டும் மூன்று கிழமையாகப் புள்ளடி இல்லாமல் கிடந்தது. செவ்வாய்க்கிழமை கடைசி நாள்.

"அறிக்கையெல்லாம் டொச்சிலை எழுதவேணுமடி. உனக்கு ஏலாது," என்றாள் புஸ்பவதி.

பிரபாலினி மறுத்துப் பேசவில்லை. அந்த ஞாயிறு மாலை மண்டபத்தில் நாடகம் போட்டாள். கதை பிழையாகப் போகிறது என்று நினைக்கும் எவரும் "நில்லுங்கோ" என்று கத்தி, மேடையேறி, மாற்றி நடிக்கலாம். அதுதான் அந்த நாடகத்தின் விதி.

மேடையில் அவள் ஒரு டொச்சுப் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கை வைக்கிறது? புள்ளடியைக் காணேல்லையே!"

முன்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். சிலர் பக்கத்திலிருந்த, தங்களுக்குப் படிவம் நிரப்பித்தரும் மூத்த பிள்ளைகளைக் கடைக்கண்ணால் பார்த்தார்கள்.

"நில்லுங்கோ!"

எழுந்தது புஸ்பவதி. கைப்பைக்குள் பென்சிலைத் துழாவியபடி மேடையேறி, குனிந்து, நேர்த்தியாக ஒரு புள்ளடி போட்டாள். "இந்தா, இதிலை வை."

சிரிப்பில் மண்டபமே அதிர்ந்தது. "அக்கா, நாடகத்துக்கையும் புள்ளடியோ!" என்றான் ஒலிவாங்கி பார்த்துக்கொண்டிருந்த கொட்வின்.

பிரபாலினி சிரிக்கவில்லை. "நீங்கள் இல்லாத நாளிலை இந்த மனிசி என்னக்கா செய்வா?"

புஸ்பவதிக்கு அப்போதுதான் உறைத்தது. பென்சிலைத் திருப்பி, அதன் நுனியிலிருந்த ரப்பரால் புள்ளடியை அழித்தாள். தூளையும் ஊதிவிட்டாள்.

"வாசி. பிழைச்சால் பிழைக்கட்டும். நான் வாய் திறக்கமாட்டன்."

தங்கை முதல் வரியைத் தட்டித்தடவி வாசித்தாள். இரண்டாம் வரியில் புஸ்பவதியின் உதடு அசைந்தது.

"அக்கா!" என்றது மண்டபம் முழுவதும்.

மறுநாள் சமையலறை மேசையில் ஒப்பந்தத்தின் ஏழு பக்கங்களையும் பிரபாலினி வாசித்தாள். எதிரே புஸ்பவதி வெண்டைக்காய் வெட்டினாள். தேவைக்கு மேலே வெட்டினாள், ஆனால் பேசவில்லை. கடைசிப் பக்கத்தில், தானே இடம் கண்டு, தங்கை முழுப்பெயரையும் எழுதினாள்.

புஸ்பவதி கையைத் துடைத்துவிட்டுக் கோப்பின் முகப்பில், இம்முறை பேனையால், எழுதிவைத்தாள்: தங்கச்சி தானே வைத்த முதல் கையெழுத்து, 22.05.2023.